சூடு தெரியாத கால்

ஏப்ரல் 3
உரக்கடைக்கு இன்று பொட்டாஷ் லோடு வந்தது. மூட்டைகளை இறக்கி அடுக்க மூன்று மணி ஆகிவிட்டது. பந்தல்குடி வெயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடைக்குள் வந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. நடுரோட்டில் கிடந்தது. கழன்றதே தெரியவில்லை. வயது ஐம்பத்தாறு. மறதி என்று வைத்துக்கொள்வோம்.

ஏப்ரல் 9
கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. இருபத்தோராவது வருடமாகப் பூக்குழி இறங்கி நெருப்பு மிதிக்கப் போகிறேன். கறி, மீன் கிடையாது. வீட்டுக்காரி சரஸ்வதி எனக்கென்று தனிப் பாத்திரத்தில் சமைக்கிறாள்.

ஏப்ரல் 16
இறங்கினேன். சூடு தெரியவில்லை.

இதற்கு முன் இருபது தடவையும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக் கடந்துவிட்டு, "ஆத்தா பார்த்துக்கிட்டா" என்று வெளியே சொல்வேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். இந்த முறை தெருவில் நடப்பதுபோல நடந்தேன். முடிவில் பால் குழியில் கால் வைத்தபோது குளிர்ச்சியும் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் இறங்கிய வெள்ளத்துரை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அப்படியே என் காலில் விழுந்துவிட்டான். "அண்ணாச்சி, இந்த வருசம் ஆத்தா ஒங்க மேலதான் நின்னுருக்கா!" ஆளாளுக்கு வந்து திருநீறு வாங்கிப் போனார்கள். பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 17
இரண்டு பாதத்திலும் கொப்புளம். வலியே இல்லை. யாருக்கும் காட்டவில்லை. சாக்ஸ் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஜூன் 20
பஸ் ஸ்டாப்பிலிருந்து கடைவரை ஒரே மூச்சில் நடக்க முடியவில்லை. பாதி வழியில் உட்கார வேண்டியிருக்கிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் மறுபடி நடக்கலாம். கால் எங்கே படுகிறது என்று குனிந்து பார்த்துத்தான் வைக்கிறேன். அருப்புக்கோட்டையில் டாக்டரைப் பார்த்தோம். சுகரால் நரம்பு தளர்ந்திருக்கலாம் என்றார். பத்து ஊசி.

ஜூலை 8
இதை எழுதவே கை கூசுகிறது. ஒன்றுக்கு இருக்கப் போனால் கால்மணி நேரம் நிற்கிறேன், வரமாட்டேன் என்கிறது. சில நேரம் வேட்டி நனைந்த பிறகுதான் வந்ததே தெரிகிறது. "வேற ஏதும் தொந்தரவு இருக்கா?" என்று டாக்டர் இன்றும் கேட்டார். பக்கத்தில் சரஸ்வதி. "இல்லைங்க" என்றேன்.

ஆத்தா நின்ற ஆள் வேட்டியை நனைக்கிறான் என்று ஊர் பேசினால்? அப்புறம் எந்த முகத்தோடு கோயில் வாசலில் நிற்பது?

ஆகஸ்ட் 2
இடுப்புக்கு ஸ்கேன். ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். பெல்ட் கொடுத்தார்கள். பெல்ட்டுக்கு மேல் வேட்டி நிற்கவில்லை.

ஆகஸ்ட் 21
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 5
கடையில் விழுந்தேன். யூரியா மூட்டை மேல் விழுந்ததால் அடி இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். தண்டுவடத்தில் வீக்கம் இருக்கலாம் என்று ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள்.

செப்டம்பர் 7
நேற்றுவரை சுவரைப் பிடித்து நடந்தேன். இன்று காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. மருந்து ஏற ஏறக் கால் போகிறது. என்னடா இது? போச்சா? இம்புட்டுத்தானா? சரஸ்வதி காலைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். தேய்க்கிறாள் என்று கண்ணுக்குத்தான் தெரிகிறது.

செப்டம்பர் 10
மதுரை. நரம்பு டாக்டர் ஒரு பெண். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சரஸ்வதியைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, "ஐயா, யூரின் எப்படிப் போகுது?" என்றார்.

சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டி நனைந்தது, பூக்குழி, கொப்புளம், எல்லாம். அவர் சிரிக்கவில்லை. மாதத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

"சூடு தெரியலைங்கிறது ஏப்ரல்லயே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன். சாமின்னு சொன்னேன்."

அதையும் குறித்துக்கொண்டார். பிறகு முதுகு முழுவதற்கும் ஸ்கேன் எழுதினார். இதுவரை யாரும் இடுப்புக்கு மேலே பார்க்கவில்லையாம். அன்றே ஒன்றுக்குப் போகக் குழாயும் மாட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் 12
படத்தைக் காட்டினார். தண்டுவடத்தின் பின்னால் புழு நெளிவதுபோலக் கறுப்புப் புள்ளிகள். எல்லாம் வீங்கிய ரத்தக் குழாய்கள். தண்டுவடத்து உறையில், ரத்தம் கொண்டுவரும் குழாய் நேராகப் போய் வடிகால் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேகமாக வரும் ரத்தம் வடிகாலில் பாய்ந்து, அங்கிருந்து வடிய வழியில்லாமல் தண்டுவடம் ஊறிக் கிடக்கிறது. நடந்தால் இன்னும் ஊறும். அந்த டிரிப்ஸ் ஏற்றியதும் மோசமானதே ஒரு துப்பு என்றார். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராதாம்.

திருச்சுழிப் பக்கம் தண்ணீர் இல்லாமல் செத்த பயிரைத்தான் பார்த்திருக்கிறேன். தேங்கிச் செத்தது எனக்கு வாய்த்திருக்கிறது.

"நடந்துருவேனாம்மா?" என்று கேட்டேன். "அந்த ஒட்டுன எடத்த அடைச்சா, இதுக்கு மேல மோசமாகாது. போனதுல எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாதுங்கய்யா. ஏப்ரல்லயே வந்திருந்தா…" என்று நிறுத்திக்கொண்டார்.

செப்டம்பர் 16
தொடை இடுக்கு வழியாகக் கம்பிபோல ஒரு குழாயை விட்டார்கள். "மூச்சைப் பிடிங்க… விடுங்க." ஒவ்வொரு விலா எலும்பாகத் தேடினார்கள். நாற்பது தடவையாவது மூச்சைப் பிடித்திருப்பேன். எட்டாவது எலும்புக்கு நேரே அந்த ஒட்டிய இடம் கிடைத்தது. அங்கே போகிற ரத்தக் குழாயே தண்டுவடத்துக்கும் ரத்தம் கொடுத்தால் அடைக்க முடியாது, முதுகைத் திறக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கொடுக்கவில்லை. பசை விட்டு அடைத்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. பசித்தது.

அக்டோபர் 2
மாற்றம் இல்லை.

அக்டோபர் 9
மாற்றம் இல்லை. சரஸ்வதி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அக்டோபர் 19
நல்ல மழை. மக்காச்சோளம் ஊன்றுகிற நேரம், கடையில் கூட்டம். சரஸ்வதிதான் வியாபாரம் பார்க்கிறாள். நான் வீட்டில், கட்டில் காலில் தொங்கும் மூத்திரப் பையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

வெள்ளத்துரை திருநீறு கொண்டுவந்தான். அவனிடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்குச் சூடு தெரியாதது சாமி இல்ல வெள்ளத்துரை. அப்பவே கால் போயிருச்சு." பையையே பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது, "அத வெளிய சொல்லிராதீக அண்ணாச்சி" என்றான். சொல்லாமல் இருந்துதானே இப்படிக் கிடக்கிறேன்.

நவம்பர் 24
வலது கட்டைவிரலை நினைத்தபோது அசைந்தது. மறுபடி நினைத்தேன், அசையவில்லை. அதனால் யாரையும் கூப்பிடவில்லை.

டிசம்பர் 15
வாக்கரைப் பிடித்து எட்டு அடி. இடது கால் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. பிசியோ பார்க்க வருகிறவர் கைதட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜனவரி 6
காலையில் நர்ஸ் வந்து குழாயை எடுத்துவிட்டுப் போனார். ஆறு மணி நேரத்துக்குள் தானாக வராவிட்டால் மறுபடி போட வேண்டும், ஒருவேளை ஆயுசுக்கும். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். பத்து மணி. பதினொன்று. ஒன்றுமில்லை. சரஸ்வதி கடைக்குப் போகவில்லை. ஒரே வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

பன்னிரண்டரைக்கு அடிவயிற்றில் ஏதோ முட்டியது. வலி என்று நினைத்தேன். வலி இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே போனேன். போய்ச் சேர்வதற்குள் ஊர் சாமி அத்தனையையும் கூப்பிட்டேன்.

வெளியே சரஸ்வதி. "என்னங்க? சத்தத்தையே காணோம்? விழுந்துட்டீகளா?"

"இல்ல. ஒண்ணுக்கு வந்துச்சு."

"வந்துச்சா?"

"வந்துச்சு சரசு. வருதுன்னு தெரிஞ்சு வந்துச்சு."

பிறகு அவள் அழுவது கேட்டது. இருபத்தெட்டு வருடத்தில் அவளிடம் இதைவிட நல்ல சேதி நான் சொன்னதில்லை. பாதம் இரண்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கின்றன. வாக்கரை விடாமல் நின்றபடியே நானும் அழுதேன். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். போ என்று நான் சொல்லவில்லை.