வெள்ளிக்கிழமைப் புகை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்கள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. யார் கையிலும் அகப்படக்கூடிய கடிதத்திலா எழுதப் போகிறேன்? யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஹட்டனில் நம் வீட்டு மாடி ஜன்னலில் இப்போது ஒரு கருவி இருக்கிறது. பிஸ்கட் டின் அளவுதான். உள்ளே சிறு விசிறி காற்றை இழுக்கிறது. குறுக்கே நூல் போல லேசர் ஒளி ஓடுகிறது. அதைக் கடக்கும் ஒவ்வொரு தூசும் மினுங்கும். மினுங்கியதைக் கருவி எண்ணிவிடும். நீங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்த காலத்தில், சல்லடை அறைக் கதவிடுக்கில் வெயில் விழுந்தால் தேயிலைத் தூள் பறப்பது தெரியுமே, அதே சங்கதிதான்.

வைத்தவள் வினோதினி. பொகவந்தலாவைத் தோட்டத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். நம் ஜன்னலுக்கு நேர் கீழே பாலர் பாடசாலைச் சுவர். அதை ஒட்டி பஸ்கள் எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன. பிள்ளைகள் இருமுகிறார்கள். பஸ்களை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி நகரசபைக்கு எழுதினேன். அதைக் கேள்விப்பட்ட, பஸ்களை நேரம் பார்த்து அனுப்பும் டைம் கீப்பர், பிள்ளைகளின் தாய்மார் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“அது மூடுபனி மிஸ். வயசானா எல்லாம் பொகையாத்தான் தெரியும்.”

“பனியில டீசல் நாத்தம் வராது தம்பி,” என்றேன்.

ஆனால் என் மூக்கின் சாட்சி சபையில் எடுபடாது. கருவியின் சாட்சி எடுபடும். பனித்துளியையும் தூசென்று எண்ணிவிடாதபடி, காற்றைச் சூடாக்கி உலர்த்தித்தான் உள்ளே விடுகிறது. வினோதினி அதை விளக்கியபோது எனக்கு டைம் கீப்பரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

போன மாதம் அவள் கணினியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

“டீச்சர், செவ்வாயும் வெள்ளியும் அந்தியில கோடு மலையாட்டம் ஏறுது. அந்த ரெண்டு நாள் மட்டும் எந்த பஸ்ஸுங்க கூடுதலா வருது?”

எந்த பஸ்ஸும் வரவில்லை. எனக்கு உடனே விளங்கியது. பேசாமல் இருந்திருந்தால் அந்த மலையும் பஸ் புகையென்று நம் பக்கம்தான் சேர்ந்திருக்கும். ஆனால் நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்மார் தப்பான விடைக்கு அடித்ததில்லை. தப்பான வழியில் சரியான விடை எழுதினால்தான் அடித்தார்கள்.

“பஸ் இல்ல பிள்ள, சாம்பிராணி. சாரோட படத்துக்கு நான் போடுறது.”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள். “ஐயோ டீச்சர், இது தெரிஞ்சா எல்லாமே ஒங்க வீட்டுப் பொகைன்னு சொல்லிருவாங்களே! மொதல்லேருந்து அளக்கணும்.”

வேறு எந்த வீட்டு ஜன்னலும் அந்தச் சுவரைப் பார்த்து இல்லை, கருவியை இடம் மாற்றவும் வழியில்லை. அவள் உங்கள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கேட்குமுன் நானே நிறுத்துகிறேன் என்றேன்.

“சாமிக்கு என்ன சளியா புடிச்சிருக்கு, இந்தப் போடு போடுற?” என்று கேட்பீர்களே. இப்போது சாமிக்கும் உங்களுக்கும் வசதியாக இருக்கிறதோ என்னவோ.

செவ்வாய், வெள்ளி மலைகள் மறைந்துவிட்டன. பிள்ளைகள் வரும் நேரத்து மலையும் போகும் நேரத்து மலையும் அப்படியே நிற்கின்றன. அவற்றில் நம் வீட்டுப் பங்கு இல்லை.

வருகிற வெள்ளி உங்கள் திதி. கருவி அப்போதும் ஜன்னலில்தான் இருக்கும். பூ உண்டு. இங்கே எண்ணெய்ப் புகை வேண்டாமென்று வடையைத் தங்கச்சி தலவாக்கலையிலிருந்தே சுட்டுக் கொண்டு வருகிறாள். சாம்பிராணி இல்லை, கற்பூரமும் இல்லை. “அத்தானுக்கு ஒரு கரண்டி பொகைகூட இல்லையா அக்கா?” என்று அவளுக்கு வருத்தம். உங்களுக்கும் வருத்தமா?

வினோதினி கருவியைக் கழற்றி, அளந்த முடிவைச் சபையில் சொல்லும் அன்றே சாம்பிராணி போடுவேன், மாடி நிறைய. பஸ்களை மாற்றாவிட்டால் கருவியைத் திரும்ப வைக்கச் சொல்வேன். நீங்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். அந்த டைம் கீப்பரிடம் நான் தோற்பதை நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

இப்படிக்கு,
புகை பாக்கி வைத்திருக்கும் உங்கள் மனைவி,
இராஜேஸ்வரி