எத்திராஜுக்குக் கேட்ட சத்தம்

மே 7, திங்கள்

கத்திரி வெயில். காலை எட்டுக்கே சைக்கிள் சீட் சுட்டது. கேரேஜ் தகரக் கூரை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்றைய வேலை:
ஆஸ்பத்திரி வேன், கிளட்ச்.
ஜீப் இரண்டு, ஆயில் மாற்ற.
வெள்ளைக் கார், ஏசியில் சத்தம் என்று புகார்.

ஏசி வைத்த கார் எங்களிடம் அது ஒன்றுதான். எங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்துபோகும் வெளிநாட்டு என்ஜினீயர்களுக்கு. ஏசி தெரிந்த மெக்கானிக்கும் நான் ஒருவன்தான். எனவே என் தலையில்.

டிரைவர் எத்திராஜ். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். ஏழு வருஷமாகக் காண்ட்ராக்ட். இந்த மாதம் பெர்மனன்ட் லிஸ்டில் பெயர் போகிறது என்று பேச்சு.

"ஏசி போட்டா கீச்சு கீச்சுன்னு கத்திகினே வர்து சார். எலிக்குஞ்சு மாதிரி. நிறுத்துனா அடங்கிப் பூடுது."

பானெட்டைத் திறந்து ஏசியைப் போடச் சொன்னேன். என்ஜின் சத்தம். ஃபேன். கம்ப்ரஸரின் முனகல். அவ்வளவுதான்.

"தோ, தோ. கேக்குது பாருங்க."

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரஸரில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திப் பார்த்தேன். குறை இல்லை. பெல்ட் தொய்வில்லை. போல்ட்டுகள் இறுக்கம். கேஸ் சரி. எத்திராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: "சத்தம் ஏதும் இல்லை. ஏசி நல்ல நிலை." கையெழுத்து.

வீட்டில் மோர், வெள்ளரிப் பிஞ்சு. இரண்டு டம்ளர் குடித்தும் தாகம் அடங்கவில்லை.

மே 8, செவ்வாய்

அதே வெயில். காலையிலேயே ரகளை.

மெட்ராஸ் விமான நிலையத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரரை அழைத்துவர வேண்டும். இந்த வண்டியை எடுக்க மாட்டேன் என்று எத்திராஜ் சொல்லிவிட்டார். கேரேஜ் இன்சார்ஜ் சார் என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"சத்தம் இருக்கா, இல்லையா?"

"இல்லை சார்."

"கேட்டுக்கய்யா. மெக்கானிக் காதுக்குக் கேக்காத சத்தம் ஒனக்கு மட்டும் கேக்குதா? மெட்ராஸ் போக இஷ்டம் இல்லேன்னா நேரா சொல்லு."

"நடு ரோட்ல பெல்ட் அறுத்துகினு நின்னா யார் சார் பதில் சொல்றது? எனக்கு மெய்யாலுமே கேக்குது சார்."

சுற்றி நின்ற டிரைவர்கள் அவரவர் வண்டிக்குப் போனார்கள். வண்டியை வேறு டிரைவர் எடுத்துப் போனார். எத்திராஜுக்கு இன்றிலிருந்து தண்ணீர் லாரி. லிஸ்டிலிருந்து பெயரையும் எடுத்துவிடுவார்களாம், வேலையைத் தட்டிக் கழித்தார் என்று. கிளார்க் சொன்னார்.

எனக்குக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் இதில் நான் செய்ய என்ன இருக்கிறது.

சைக்கிள் பின்சக்கரம் காற்று இறங்குகிறது. டியூப் பார்க்க வேண்டும்.

மே 10, வியாழன்

வார விடுமுறையை மாற்றி எடுத்தேன். வீட்டில்.

துபாயிலிருந்து மைத்துனர் கொடுத்துவிட்ட கைக்கடிகாரம். முள் இல்லை, நம்பர் மட்டும். அலாரம் உண்டு என்றார்கள். வந்த நாளிலிருந்து அடித்ததில்லை. மட்டமான சரக்கு என்று நினைத்திருந்தேன்.

பதினொரு மணி இருக்கும். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கடிகாரம் பக்கத்து ஸ்டூலில். சமையல்கட்டிலிருந்து சரோஜா:

"ஏங்க, அது கத்திக்கிட்டே இருக்கே. அமத்த மாட்டீங்களா?"

"எது?"

"வாச்சுதான். பக்கத்துல வச்சுக்கிட்டு என்ன கேள்வி?"

வந்து அவளே அமர்த்தினாள். விளையாடுகிறேன் என்று நினைத்தாள். அலாரத்தை மறுபடி வைக்கச் சொன்னேன். இடக் காதோடு ஒட்டிப் பிடித்தேன். ஒன்றுமில்லை. வலக் காதில் நூல் மாதிரி ஏதோ. அதுவும் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை.

"இப்ப அடிக்குதா?"

"அடிக்குதே."

கேரேஜுக்கு வருமுன் பதினொரு வருஷம் சுரங்கத்தில். மண் வெட்டும் பெரிய மெஷினின் கியர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் வேலை. காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். வைத்துக்கொண்டால் அரிக்கும். வைத்ததில்லை.

பேச்சு கேட்கிறது. பஸ் ஹாரன், ஷிஃப்ட் சங்கு கேட்கிறது. மெல்லிய சத்தங்கள் மட்டும் போயிருக்கின்றன. எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் சில்வண்டே இல்லை என்று போன மழைக்காலத்தில் சரோஜாவிடம் சொன்னேன். அவள் ஏனோ சிரித்தாள்.

நாள் முழுக்க எத்திராஜ் நினைப்பு.

மே 11, வெள்ளி

வண்டி மெட்ராஸிலிருந்து வந்துவிட்டது. ஓட்டிவந்தவரைத் தனியே கூப்பிட்டேன்.

"வழியில சத்தம் ஏதாவது?"

"கீச்சுன்னு வந்துச்சுண்ணே. திண்டிவனத்துக்கு அப்பறம் ஏசியையே அமத்திட்டேன். வெள்ளக்காரரு வேர்த்து ஊத்திகினு வந்தாரு."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் இல்லைன்னு எழுதிட்டீங்களே."

அன்று கேரேஜில் இருந்த மற்ற இரண்டு டிரைவர்களைக் கேட்டேன். அவர்களுக்கும் திங்களன்றே கேட்டிருக்கிறது.

பெல்ட்டைக் கழற்றினேன். காதை நம்பாமல் சுற்றும் ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்தேன். கம்ப்ரஸர் புல்லி, வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஃபேன், சரி. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சின்ன உருளையில் விரல் நின்றது. உள்ளே மணல் அரைபடுவதுபோல. பிரித்தேன். பேரிங்கில் கிரீஸ் காய்ந்து கட்டி. பழுப்பு நிலக்கரித் தூசி. குண்டுகளில் அரிப்பு. ஏசி போட்டால் பெல்ட்டுக்கு இழுவை கூடும். அப்போது மட்டும் கத்தியிருக்கிறது. இன்னும் ஒரு மெட்ராஸ் பயணம் தாங்கியிருக்காது.

புது பேரிங் போட அரை மணி நேரம்.

மே 12, சனி

இன்சார்ஜ் சாரிடம் சொன்னேன். முழுவதும். கதவைச் சாத்தச் சொன்னார்.

"காது கேக்கலேன்னு நீயே எழுதிக் குடுத்தா மெடிக்கல் போர்டு அது இதுன்னு போயிடும்ப்பா. 'சோதனைக்குப் பின் பழுது ஏற்பட்டது'ன்னு ஒரு வரி போடு. யாருக்கும் வம்பு இல்ல."

"எத்திராஜ்?"

"அவனுக்கு அடுத்த தடவை பாத்துக்கலாம்."

நல்ல மனிதர்தான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அப்படி எழுதினால் ஏழாம் தேதி சத்தமே இல்லை என்றாகிவிடும். எத்திராஜ் சொன்னது பொய்யாகவே நிற்கும். வெளியே வந்து பானைத் தண்ணீர் ஒரு டம்ளர் குடித்தேன். எழுதாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதை இந்த டைரியிலாவது ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஒரு முழுத்தாள் எடுத்து எழுதினேன்: "7ஆம் தேதி டிரைவர் எத்திராஜ் சொன்ன சத்தம் உண்மை. எனக்குக் கேட்கவில்லை. குறை என் காதில்."

சார் இரண்டு முறை படித்தார்.

"வீட்ல சொல்லிட்டியா?"

"இல்லை சார்."

மே 14, திங்கள்

ஆஸ்பத்திரி. காதுச் சோதனை. சின்ன அறை, தலையில் மாட்டும் கருவி. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். முதலில் தூக்கினேன், தூக்கினேன். பிறகு கை மடியிலேயே கிடந்தது. ரொம்ப நேரம். தூங்கிவிட்டேனோ என்று நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

இடது ரொம்ப மோசம். வலது பரவாயில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

வந்து சரோஜாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அதான் கூப்பிட்டா திரும்பியே பாக்குறதில்லையா? எம்மேல ஏதோ கோவம்னுல்ல இத்தன நாளும் நெனச்சேன்."

அரிசியை நான் வாங்கிக் களைந்தேன்.

மே 16, புதன்

சாயங்காலம் இரண்டு தூறல். மண் வாசனையோடு சரி.

ஆர்டர் வந்துவிட்டது. வரும் திங்கள் முதல் எனக்கு ஸ்டோர்ஸ். நட்டு, போல்ட்டு, பேரேடு. எத்திராஜ் மறுபடி வெள்ளைக் காரில். பெயர் மறுபடி லிஸ்டில் சேர்ந்துவிட்டது. பெர்மனன்ட் வருமா வராதா, மேலே இருப்பவர்கள் கையில்.

ஆறு மணிக்கு எத்திராஜ் வீட்டுக்கே வந்தார். எதிர்பார்க்கவில்லை. சரோஜா காபி கொடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

"எம் பொண்டாட்டியே கேட்டுச்சு சார், நெசமாலுமே சத்தம் வந்துதான்னு. இத்தினி நாளு தண்ணி லாரில ஒக்காந்துகினு எனக்கே சந்தேகம் வந்துட்சி. எம் புத்திதான் பெசகிப் பூட்சோன்னு."

"தப்பு என்னோடது எத்திராஜ். மன்னிச்சுக்குங்க."

வெளியே பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். பிடிபடவில்லை. தலையாட்டிவிடலாம். இத்தனை நாளும் அப்படித்தான் செய்திருக்கிறேன் போல.

"கேக்கல" என்றேன்.

"எந்தக் காது சார் தேவலாம்?"

"வலது."

எழுந்தார். கிளம்புகிறார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியைத் தூக்கிவந்து என் வலப்பக்கம் போட்டார். உட்கார்ந்து, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார்.