சேகர் கழித்த கரை

ஐப்பசி 4, வெள்ளி
காலையிலிருந்து தூறல். கொடியில் துணி காயவில்லை.
பேரப்பிள்ளைகள் சேதி எழுதி வைக்கிறேன். கவிதா, என் மகன் சேகரின் பெண்: காலேஜில் செடி கொடிப் படிப்பு, வகுப்பில் முதல். அவள் தம்பி அருள்: ஓட்டத்தில் கப்பு வாங்கினான், அந்தக் கப்பே என் உயரத்தில் பாதி இருக்கும். மகள் வசந்தாவின் பிள்ளை சுரேஷ்: இங்கேயே பீங்கான் கம்பெனியில் சூப்பர்வைசர். இந்தத் தெருவில் வேறு யார் வீட்டில் இப்படி? கண் பட வேண்டாம்.
தபாலில் சேகர் வீட்டு போட்டோ. நல்லூர்ப் பக்கத்து நிலத்தை விற்றுவிட்டு, கடலோரம் உப்பங்கழியை ஒட்டி வாங்கிக் கட்டியது. கழிக்கரையில் நின்று எடுத்திருக்கிறார்கள். வாசல், தென்னம்பிள்ளைகள், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கரை மழித்த மாதிரி சுத்தம்.
"நம்மூரு வரப்பு மாதிரியே வச்சிருக்குது பாரும்மா அண்ணன்" என்றாள் வசந்தா. எனக்கு ஒரே பெருமை.

ஐப்பசி 9, புதன்
மழை விடவில்லை. கவிதா போன். தீபாவளி லீவுக்கு வீட்டுக்குப் போயிருக்கிறாள். குரல் சரியில்லை.
"ஆயா, கரையில இருந்த உமரிய எல்லாம் அப்பா மம்புட்டியால செதுக்கிப்புட்டாரு."
"களைய எடுத்தா நல்லதுதானடி?"
"அது களை இல்ல ஆயா. அந்த வேருதான் சேத்தப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சி. அலையோட வேகத்த அதுதான் வாங்கிக்கும். இப்ப தண்ணி ஏறி எறங்கும்போதெல்லாம் அடியில அரிக்குது. மேல மண்ணு பாளம் பாளமா வுழுவுது."
உமரி எனக்குத் தெரியும். போன தடவை மருமகள் பொரியல் செய்தாள், உப்பே போடாமல் உப்பு. முழங்கால் உயரம் இல்லாத செடி. அதுவா கரையைப் பிடிக்கும்?
சேகர் போனைப் பிடுங்கிக்கொண்டான். "வரப்பு கழிக்காதவன் வெவசாயியாம்மா? புல்ல வுட்டா எலி பொந்து போடும். இவ புக்குல படிச்சதப் பேசுறா."
என் வீட்டுக்காரர் இருந்தவரை நடவுக்கு முன்னால் புல்லைச் செதுக்கி வரப்பு கழிப்பார். அந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவன். நான் யார் பக்கம் பேச?
கறிவேப்பிலை தீர்ந்தது. முட்டி வலி.

ஐப்பசி 15, செவ்வாய்
பகலெல்லாம் காற்று. தென்னம்பிள்ளை ஒன்று போய்விட்டதாம். சேகர் சொல்லவில்லை, அருள்தான் சொன்னான். மணல் மூட்டை அடுக்கினார்களாம். மூட்டைக்குப் பின்னாலும் அரித்து, மூட்டையும் தண்ணீருக்குள்ளே.
பக்கத்துக்காரர் கரையில் உமரி அப்படியே. கரையும் அப்படியே.
அங்கிருந்து கவிதா செடி பெயர்த்து வந்து நட்டிருக்கிறாள். சரிவாக இருந்த கரை இப்போது சுவர் மாதிரி செங்குத்து, வேர் ஊன்ற இடமில்லை. அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் எல்லாம் மிதந்ததாம். "வெட்டறதுக்கு ஒரு காலைப்பொழுது ஆயா, புடிக்கறதுக்கு வருசக்கணக்காவும்" என்று அழுதாள்.
சுரேஷிடம் சொன்னேன். "மண்ணு சுட்டாத்தான் நிக்கும் ஆயா. அம்மாம் பெரிய கரைய எந்தச் சூளையில வைக்கிறது?" சிரித்துவிட்டேன்.

ஐப்பசி 20, ஞாயிறு
வெயில். துணி காய்ந்தது. சேகரே போன் செய்தான். ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா என்றே பேச்சு.
"வூடு இருக்குதாடா?"
"இருக்குது."
"வாசலு?"
"கவி சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றான்.
எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள் என்றேன். இருக்கிறதெல்லாம் அதில் போட்டாச்சே, எப்படி விட்டு வருவது என்கிறான். நான் புறப்படவா என்றேன். ரோட்டில் தண்ணீர், பஸ் இல்லை, வராதே என்றான். போய்த்தான் என்ன செய்யப்போகிறேன்? கையால் பிடித்துக்கொண்டு நிற்கவா?
புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு, கண்ணால் பார்க்கிறேன் என்றேன்.
"எங்க நின்னு எடுக்கச் சொல்ற? அன்னிக்கு போட்டோக்காரன் நின்ன எடத்துல இப்ப தண்ணிம்மா."
கொல்லைப் பக்கமாக நின்று எடு சேகர். வீட்டின் முதுகு தெரிந்தால் போதும். சீக்கிரம் போடு.