இருபத்து மூன்றாம் கேள்வி

பத்து பாகாட்
11.2.2024, ஞாயிறு

அன்பு மகள் தர்மினிக்கு,

ஜனவரி 24ஆம் தேதி நீ பிரிஸ்பேனில் அஞ்சலில் சேர்த்த உறை, பதின்மூன்று நாள் பயணம் செய்து, பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு என் கைக்கு வந்தது. ஒரு மூலை நனைந்திருந்தது, உள்ளிருந்தவை நலம். நானும் நலமே.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போது கடிதம் எதற்கு என்று மருமகன் சிறீகாந்தன் கேட்டதாக எழுதியிருந்தாய். தொலைபேசியில் மழையைப் பற்றிப் பேசலாம். முக்கியமானதைத் தேதியிட்டு எழுத வேண்டும். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவனிடம் வேறு எதிர்பார்க்க வேண்டாம் என்று அவரிடம் சொல்.

உன் ஆய்வின் வினாத்தாளில் தமிழைச் சரிபார்த்துவிட்டேன். வெயிலில் உழைக்கும் நம் நிறத்தவர்கள் தோலை எப்படிப் பாதுகாக்கிறார்கள், தோல் புற்றுநோய் வராமல் தடுக்க அவர்களிடம் எதை எப்படிச் சொல்வது என்பதுதானே நீ அறிய விரும்புவது? நல்ல காரியம். ஆனால் பதினேழு இடங்களில் திருத்த வேண்டியிருந்தது; பட்டியலைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். ‘சூரிய வெளிப்பாடு’ என்றால் செடெனாக் ரப்பர் தோட்டத்தில் ஒருவருக்கும் விளங்காது. ‘வெயிலில் இருக்கும் நேரம்’ என்று மாற்றினேன். ‘வெயில் படும் இடங்களில் புதிய மச்சம், புண், நிறமாற்றம் உண்டா?’ என்ற பதினான்காம் கேள்வி மிகச் சரி. முகம், காது, பிடரி, முன்கை என்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கிறாய். அப்படித்தான் கேட்க வேண்டும்.

இருபத்து மூன்றாம் கேள்வியை மட்டும் முழுதாக அடித்துவிட்டேன். ‘நாங்கள் கேட்காத ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ இது தெளிவற்ற கேள்வி. இதற்கு வரும் பதிலை எந்தக் கட்டத்தில் அடைப்பாய்? ஒருவர் மூட்டுவலியைச் சொல்வார், இன்னொருவர் மருமகளைச் சொல்வார். நீக்கிவிடு.

உன் அம்மாவின் இரண்டாம் ஆண்டுத் திவசம் மார்ச் 19. சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. நீ வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
க. ஏரம்பமூர்த்தி


பிரிஸ்பேன்
3.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதினேழு திருத்தங்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டேன். இருபத்து மூன்றாம் கேள்வியையும் எடுத்துவிட்டேன். எங்கள் பேராசிரியரும் உங்கள் கட்சிதான்; அப்படிப்பட்ட பதில்களை வகைப்படுத்துவது பெரிய தொல்லை என்றார். “உன் அப்பா இங்கே வேலைக்கு வருவாரா?” என்று கேட்டார்.

பெற்ற மகளுக்கு எழுதும் கடிதத்தில் க. ஏரம்பமூர்த்தி என்று கையெழுத்துப் போட்டால், வீட்டுவரி பாக்கிக்கு நோட்டீஸ் வந்தது போல் இருக்கிறது அப்பா. சிறீகாந்தன் சிரிக்கிறார்.

செடெனாக்கில் நீங்கள் கேட்டு நிரப்ப ஐம்பது படிவங்களும், உங்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி ஒன்றும், வெயில் கிரீம் இரண்டும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். நம் தோலுக்கு வெயிலால் வரும் ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. காலையில் நடக்கப் போகும்போது தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

திவசத்துக்கு வர நினைத்திருந்தேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள். அம்மா போனபோதும் இப்படித்தான் எழுதினீர்கள். ஜூலையில் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

அன்பு மகள்,
தர்மினி


பத்து பாகாட்
14.4.2024, ஞாயிறு, புத்தாண்டு

அன்பு மகளுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். பொட்டலம் மார்ச் 20 அன்று வந்தது, திவசத்துக்கு மறுநாள்.

ஏப்ரல் 6, சனிக்கிழமை, படிவங்களுடன் செடெனாக் போனேன். அழைத்துப் போனவர் ஐயாசாமி. நினைவிருக்கும், இருபத்தோராண்டுகள் எனக்கு அளவைச் சங்கிலி பிடித்தவர், இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். அவர் பிறந்த தோட்டம் என்பதால் கதவுகள் திறந்தன. முப்பத்தொரு பேர் பதில் சொன்னார்கள்.

முதலில் ஐயாசாமியிடமே கேட்டேன். வெயிலுக்கு கிரீம் பூசுவதுண்டா என்ற கேள்விக்கு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “அதெல்லாம் வெள்ளக்காரனுக்குங்கையா. நமக்குக் கடவுளே ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சுல்ல அனுப்பியிருக்காரு லா.” ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

பேச்சியம்மாள் என்ற எழுபத்தொரு வயது அம்மையார் ரப்பர் மரப் பால்வெட்டு வேலையில் நாற்பதாண்டுகள் இருந்தவர். “மரத்து நெழல்லதாங்க வெட்டுனோம். வெயிலப் பாக்குறதே பால் தூக்கிட்டு வரப்பதான். இப்ப வந்து தொப்பி போடுன்னு சொல்ற மகராசி யாரு?” என்றார். என் மகள் என்றேன். “கட்டிக் குடுத்தாச்சா?” ஆயிற்று என்றேன். “அப்பச் சரி, எழுதிக்குங்க” என்றார்.

முப்பத்திரண்டாவது படிவம் என்னுடையது. தேதி 7.4.2024. பதினான்காம் கேள்விக்கு, வெயில் படும் இடங்களை வரிசையாகக் கண்ணாடியில் பார்த்து, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். கேட்டதற்குக் கேட்டபடி பதில்.

தொப்பியைத் தினமும் அணிகிறேன். நடைதான் சற்றுக் குறைந்திருக்கிறது. இடது கால் செருப்பு சரியில்லை.

ஜூலையில் வர வேண்டியதில்லை. பயணச் செலவும் விடுப்பும் வீண்.

இப்படிக்கு,
க. ஏரம்பமூர்த்தி


பத்து பாகாட்
22.9.2024, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

இதை உட்கார்ந்து படி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு, ஐயாசாமி வீட்டில் மதிய உணவு. சாப்பிட்டபின் கூடத்தில் கால் நீட்டி அமர்ந்திருந்தேன். அவர், “அலமாக், என்னாங்கையா காலுல தாரு ஒட்டியிருக்கு? ரோடு போடுற எடத்துல மிதிச்சுட்டீங்களா?” என்றார். நான் தடுப்பதற்குள் துணியில் மண்ணெண்ணெய் நனைத்து வந்து என் உள்ளங்காலைத் தேய்த்தார். போகவில்லை. மறுபடியும் தேய்த்தார். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டு, என் காலை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

27ஆம் தேதி கிளினிக். செப்டம்பர் 3 அன்று ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையில் சிறு துண்டு வெட்டி எடுத்தார்கள். 17 அன்று முடிவு சொன்னார்கள். மெலனோமா, தோல் புற்றுநோய். இடது தொடை இடுக்கில் ஒரு கட்டிக்கும் பரவியிருக்கிறது. நவம்பர் 12 அன்று அறுவை.

டாக்டர் இளம்பெண். இந்தக் கறுப்பு முதலில் எப்போது தெரிந்தது என்று கேட்டார். நினைவில்லை என்றேன். உடன் வந்திருந்த ஐயாசாமி திரும்பி என்னைப் பார்த்தார்.

இது வெயில் ஒருநாளும் தொடாத இடம். ஆகவே உன் ஆய்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீ மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. வரவும் வேண்டியதில்லை, ஐயாசாமி இருக்கிறார்.

இப்படிக்கு,
க. ஏரம்பமூர்த்தி


பிரிஸ்பேன்
6.10.2024

அப்பா,

உங்கள் கடிதம் வர பன்னிரண்டு நாள் ஆனது. அதற்கிடையில் இரண்டு ஞாயிறு தொலைபேசியில் பேசினீர்கள். பத்து பாகாட்டில் நல்ல மழை என்றீர்கள். வெள்ளிக்கிழமை நான் அழுதுகொண்டே கூப்பிட்டபோதும், எழுதியிருக்கிறேனே என்று வைத்துவிட்டீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன்.

தொடர்பில்லை என்று யாருக்குச் சொல்கிறீர்கள்? இது என் தொழில். நம் நிறத்தவர்களுக்கு இந்த நோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில்தான் வரும். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருடா வருடம் மாணவர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் வெயில் ஆய்வு என்பதால், படிவத்தில் வெயில் படும் இடங்களை மட்டும் கேட்டேன். செடெனாக்கில் முப்பத்தொரு பேர் முகத்தையும் கையையும் பார்த்து ‘இல்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் காலையும் யாரும் பார்க்கவில்லை. முப்பத்திரண்டாவது நீங்கள்.

நம் வீட்டுக் குளிர்பெட்டி 1994 மார்ச் 26, சனிக்கிழமை வந்தது என்று சொல்பவர் நீங்கள். உங்களுக்கா நினைவில்லை? எனக்காகத்தான் மறைக்கிறீர்கள் என்று தெரிகிறது. நீங்கள் படிவத்தை நிரப்பியது ஏப்ரல் 7. அதற்கு முன்பே அது காலில் இருந்ததா? எனக்கு அந்தத் தேதி வேண்டும்.

நான்கு முறை டிக்கெட் எடுக்க உட்கார்ந்து நான்கு முறையும் மூடிவிட்டேன். எந்த முகத்தோடு வந்து உங்கள் காலடியில் உட்காருவேன்? அப்படியே வந்தாலும், வர வேண்டியதில்லை என்றுதானே சொல்வீர்கள்.

தேதியை எழுதுங்கள் அப்பா.

தர்மினி


பத்து பாகாட்
20.10.2024, ஞாயிறு

அன்பு மகள் தர்மினிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ கேட்ட தேதியைத் தருகிறேன். மறைத்தது பிழை.

2024 ஜனவரி 7, ஞாயிறு. முகம் மழிக்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். இடது உள்ளங்கால், பெருவிரலுக்குக் கீழே, கறுப்பு, 4 மில்லிமீட்டர். அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அளவுகோல் வைத்து அளந்தேன். பிப்ரவரி 4: 5. மார்ச் 3: 6. ஏப்ரல் 7: 7, ஓரம் ஒழுங்காக இல்லை. அன்று பிற்பகல்தான் உன் படிவத்தை நிரப்பினேன். ஆகஸ்ட் 4: 13, நடுவில் வெடிப்பு. எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. இவ்வளவு அளந்தவன் ஒருவரிடமும் காட்டவில்லை.

இப்போது நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உன் வினாத்தாள் முதலில் வந்தது பிப்ரவரி 6. அதில் இருபத்து மூன்றாம் கேள்வி இருந்தது. அது தெளிவற்றது என்று எழுதினேன். அது தெளிவாகவே இருந்தது. படித்த உடனே எனக்கு அதற்கான பதில் தெரிந்தது. இரண்டு நாள் முன்புதான் அளந்திருந்தேன். ஐந்து நாள் அந்தத் தாளை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 11ஆம் தேதி சிவப்பு மையால் அடித்தேன். நீ கேட்டாய், மகளே. அடித்தவன் நான். செடெனாக்கில் அந்த முப்பத்தொரு பேரிடமும் அதைக் கேட்க விடாமல் செய்தவனும் நான். ஐயாசாமியிடம் இதைச் சொன்னேன். நேற்று முதல் அவர் வீடுவீடாகப் போய் எல்லாரையும் காலைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார். பேச்சியம்மாள், “எழுவது வயசுல எனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியா?” என்று திட்டிவிட்டுக் காட்டினாராம். எல்லார் காலும் சுத்தம்.

ஏன் அடித்தேன் என்று நீ கேட்பாய். வெள்ளிக்கிழமைகளில் உன் அம்மா என் குதிகாலுக்கு எண்ணெய் தடவுவாள். எனக்குப் பிடிக்காது என்று ஒவ்வொரு வாரமும் சொல்வேன். அவள் போன பிறகு என் உள்ளங்காலைப் பார்க்க ஆளில்லை. அதை ஒரு படிவத்தில் எழுதினால், இந்த வீட்டில் என்னைப் பார்க்க இன்னொருவர் வேண்டும் என்று எழுதுவதாகும். உனக்கு ‘வர வேண்டியதில்லை’ என்று எழுதிய கையால் அதை எழுத முடியவில்லை.

அறுவைக்குப் பின் எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் கேட்டேன். மாதங்களில் சொன்னார், ஆண்டுகளில் சொல்லவில்லை.

இக்கடிதம் அஞ்சலில் போகவில்லை. ஐயாசாமி தன் கைப்பேசியில் படமெடுத்து இன்றே அனுப்புகிறார். நான் பழைய வினாத்தாளை எடுத்து, நான் அடித்த கோட்டுக்குக் கீழே மறுபடி எழுதியிருக்கிறேன். அதன் படமும் வரும். மை தெளிவில்லாமல் போகலாம் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

23. நாங்கள் கேட்காத ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

விரும்புகிறேன். நவம்பர் 12க்குப் பிறகு காலில் கட்டு மாற்றுவார்கள். உள்ளங்காலை என்னால் குனிந்து பார்க்க முடியாது. புண் எப்படி இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். நீ வா.

அப்பா