பிளம்ஸ் தின்ற குன்னூர்க்காரி

வைகாசி, ஞாயிறு இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

பிளம்ஸ் பழுக்க ஆரம்பித்ததிலிருந்து காலையில் எனக்கு இதே வேலைதான். வெள்ளைப் புருவம் வைத்த அந்தப் பழுப்புக் குருவிகள் மரத்துக்கு வந்து கெக்கெக்கென்று சிரித்ததும், எவர்சில்வர் தட்டைத் தட்டி விரட்டுவேன். ஜாம் போடப் பழம் வேண்டாமா? கொண்டைக்குருவிக்கு மட்டும் மதில்மேல் வாழைப்பழம் வைப்பேன். கன்னத்தில் குங்குமம் வைத்த மாதிரி அத்தனை அழகு.

கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த கொழுந்தனார் இன்று தட்டுச் சத்தம் கேட்டு ஓடிவந்தார்.

“அண்ணி, அதைய வெரட்டாதீங்க! அது சிரிப்பான்னு ஒரு குருவிங்க. நம்ம நீலகிரிய விட்டா உலகத்துல வேறெங்கயும் கெடையாது. சோலைக்காடெல்லாம் அழிஞ்சு போயி, இப்ப அதுவும் அழியுற நெலமைல இருக்குதுங்க.”

“அப்ப என்ற கொண்டைக்குருவி?”

“அது சீனா வரைக்கும் இருக்குதுங்க. அதுக்கு ஒரு கேடும் இல்ல.”

எனக்குத் திக்கென்றது. குன்னூரிலேயே பிறந்து, ஒரு குன்னூர்க்காரியையே விரட்டியிருக்கிறேன்! அதே தட்டில் நல்ல பிளம்ஸாகப் பொறுக்கி மதில்மேல் வைத்தேன். இருவரும் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கொண்டைக்குருவிகள் வந்து தட்டைக் காலி செய்தன. சிரிப்பான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மரத்துக்குப் போய், ஜாமுக்கென்று நான் கண்வைத்திருந்த உச்சிக்கொம்புப் பழத்தைக் கொத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தது.

தின்னு கண்ணு. ஜாம் கடைல கெடைக்கும்.