வாசனை இல்லாத சோப்புப் பெட்டி

என் மகராசிக்கு,

நம் பையனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தது நான்தான். போனில் சொன்னால் உன் பக்கத்தில் பிரசவித்துப் படுத்திருக்கும் மகள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

நம் கடை குடோனில் ஒரு சோப்புப் பெட்டி வாசனையே அடிக்கவில்லை. பிரித்தேன், உள்ளே போதை மாத்திரை. போதைப்பொருள் கண்டால் சொல்லச் சொல்லி வியாபாரிகள் சங்கத்தில் கொடுத்த போலீஸ் எண்ணுக்கு உடனே தகவல் சொன்னேன். எவனோ லோடுமேன் வேலை என்றுதான் நினைத்தேன். போலீஸ் மறைந்து காத்திருந்தது. பெட்டியை எடுக்க வந்தது நம் பையன். கை உதறியது. விற்கிறவன் மட்டுமில்லை, தின்கிறவனும்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"நான்னு தெரிஞ்சிருந்தா போன் பண்ணியிருப்பீங்களாப்பா?" என்றான். எதற்கும் டக்கென்று விலை சொல்கிற நான், பிரித்த பெட்டியைத் திரும்ப மூடிக்கொண்டிருந்தேன்.

இவன் ஜெயிலுக்குப் போகாமலிருக்க நம் வக்கீல் போலீசோடு பேசி முடித்துவிட்டார். மாத்திரை கொடுத்தவனை இவன் காட்டிக்கொடுக்க வேண்டும். ஆறு மாதம் மறுவாழ்வு இல்லத்தில் இருக்க வேண்டும். அதுவரை பெற்றவள்கூடப் பார்க்கக் கூடாது. உன்னைக் கேட்காமலே சம்மதித்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்