பாதியில் நின்ற சடை

அனுப்புநர்:
ஜெ. பொன்னி (வயது 29),
க/பெ. ஜெபக்குமார் (பிரிந்து வாழ்பவர்),
பள்ளிக்கூடத் தெரு, பூஞ்சேரி,
மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள் அவர்கள்,
குழந்தைகள் நலக் குழு,
செங்கல்பட்டு.

பொருள்: வளர்ப்புப் பராமரிப்பில் கருங்குழியில் உள்ள என் மகள் கவியா (வயது 7) – 13.09.2025 அன்று சந்திப்பு நேரத்தில் நான் தூங்கிவிட்டது – உண்மைக் காரணம் தெரிவித்தல் – குறைக்கப்பட்ட சந்திப்புகளைத் திரும்பத் தரவும், கூட்டித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம்தான் முதலில் போய் உட்கார்ந்தேன். “இன்னா விஷயம்மா, சுருக்கா சொல்லு” என்றார். சொல்ல வெட்கமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்பதால் நானே எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. என் கணவர் எங்களை விட்டுப் போன பிறகு, நானும் மகளும் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்துத் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட். காண்டிராக்ட் வேலை. மகளைத் தூங்கவைத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு கம்பெனி பஸ் ஏறுவேன். கடந்த பிப்ரவரியில் ஒரு இரவு அவள் விழித்துக்கொண்டு, கதவைத் தட்டித் தட்டி அழுதிருக்கிறாள். பக்கத்து வீட்டு எல்லம்மாள் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தார். அப்போது அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். இப்போது இல்லை. அழுகையைக் கேட்டும் போர்த்திப் படுத்துக்கொண்ட மற்றவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். பூட்டுப் போட்டவள் நான் என்பதை நான் எங்கேயும் மறுக்கவில்லை.

2. தங்கள் குழு என் மகளைக் கருங்குழி திரு. தாமோதரன் – திருமதி வசுமதி தம்பதியிடம் ஒப்படைத்தது. நல்ல மனிதர்கள். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் தங்கள் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் மகளைப் பார்க்க எனக்கு அனுமதி தந்தீர்கள். பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டதாக ஜூன் மாதம் நான் தங்கள் முன் எழுதிக் கொடுத்தேன். அன்று அது உண்மை. மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர், “பகல்ல ஆளு ஃபுல்லு. நைட்டு வரியா, இல்ல நின்னுக்கிறியா?” என்றார். நான் நைட்டுக்கே போனேன். அதைத் தங்களிடம் சொல்லாமல் மறைத்தேன். எந்த வேலையால் பிள்ளையை எடுத்துக்கொண்டீர்களோ அதே வேலைக்குத்தான் போகிறேன் என்று எந்த முகத்தோடு வந்து சொல்வேன்?

3. 13.09.2025 அன்று ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ரயில் ஏறி வந்தேன். மகள் தலையை விரித்துப் போட்டபடி வந்திருந்தாள். நான் பின்னிவிட வேண்டும் என்று அவளே சீப்பும் இரண்டு சிவப்பு ரிப்பனும் பையில் கொண்டுவந்திருந்தாள். பெஞ்சில் நான் உட்கார்ந்து, கீழே என் காலிடுக்கில் அவளை உட்காரவைத்து ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்தேன். மறுபக்கத்தை மூன்று பிரியாகப் பிரித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. சந்திப்பை மேற்பார்வையிட்ட அலுவலர் அம்மா தோளைத் தட்டி எழுப்பியபோது சந்திப்பு நேரம் முடிந்திருந்தது.

இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த ஒரு மணி நேரத்தில் பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

4. என்ன ஆயிற்று என்று அலுவலர் அம்மா கேட்டார்கள். நைட் ஷிப்ட் என்று சொன்னால் ஜூனில் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். அந்தப் பயத்தில், சளிக்கு மாத்திரை போட்டேன் என்றேன். என்ன மாத்திரை, யார் கொடுத்தது, சீட்டு எங்கே என்று கேட்டார்கள். உளறினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்குச் சரியாக வரவில்லை. ‘தாய் மயக்க நிலையில் காணப்பட்டார்’ என்று அறிக்கையில் எழுதப்பட்டது. சந்திப்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று குறைக்கப்பட்டது. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் பார்த்ததை எழுதினார், நான் சொன்னதை வைத்து எழுதினார். உண்மை இதுதான்: நான் மாத்திரை எதுவும் போடவில்லை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. முழு இரவும் நின்று வேலை செய்த களைப்பு. வேறொன்றும் இல்லை.

5. என்னைப் பற்றி எழுதியது எதுவானாலும் நான் தாங்கிக்கொள்வேன். அதே அறிக்கையில் இன்னொரு வரி இருக்கிறது. ‘குழந்தை தாயிடம் பேசவோ, தாயை எழுப்பவோ ஆர்வம் காட்டவில்லை, அமைதியாக விலகி இருந்தது’ என்று. இந்த மனுவை நான் எழுதுவது இந்த ஒரு வரிக்காகத்தான்.

அலுவலர் அம்மா ஹாலின் மறுகோடியில், மேசையில் இருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் அப்படித்தான் தெரிந்திருப்பாள். வசுமதி அக்கா நேரம் முடிகிறதே என்று வாசல் வரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். என் மகள் உதட்டில் விரலை வைத்து, “எங்கம்மா தூங்கினுகீது அத்தை, சத்தம் போடாதீங்க” என்று கிசுகிசுத்தாளாம். நான் அசையாமல் தூங்க வேண்டும் என்பதற்காகப் புத்தகப் பையை என் தலைக்குச் சுவரோரம் அண்டக் கொடுத்துவிட்டு, பழையபடி என் காலிடுக்கில் வந்து உட்கார்ந்துகொண்டாளாம். பிரித்துவிட்ட முடியை ஒரு கையால் கலையாமல் பிடித்தபடி கடைசிவரை இருந்தாளாம். எழுந்தபோது கால் மரத்துப்போய் நொண்டினாள். அதை நானே பார்த்தேன்.

இது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பகலில் தூங்கிய வீட்டில் வளர்ந்தவள் அவள். அம்மா தூங்கும்போது மூச்சுவிடக்கூடாது என்று நான்தான் மிரட்டிப் பழக்கினேன். பாத்திரம் உருண்டால்கூட அடித்திருக்கிறேன். “எங்க வூட்டுக்காரரு மதியானம் கண் அசந்தார்னா டிவிய நிறுத்திட்டு மூலையில குந்திக்குது பொன்னி, வெளையாடச் சொன்னாலும் போவ மாட்டேங்குது” என்று வசுமதி அக்கா போனில் சொன்னபோது, நல்லவேளை, அவர் முகத்தை நேரில் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சந்திப்பு நடந்த அன்று இரவு வரை மறுபக்கத்துச் சடையை அவர் தொடவும் விடவில்லையாம். மீதியை அம்மா பின்னும் என்று சொல்லிவிட்டாளாம்.

அம்மா, ஐயா, அது ஆர்வமில்லாத பிள்ளை செய்கிற காரியமா? நாளை அவள் வளர்ந்து இந்தக் கோப்பைப் படித்தால், தான் அம்மாவை வேண்டாம் என்று விலகி உட்கார்ந்ததாக நினைத்துவிடக் கூடாது. தயவுசெய்து அந்த வரியைத் திருத்த வேண்டும்.

6. கடந்த அக்டோபரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். இப்போது மாமல்லபுரத்தில் ஈ.சி.ஆர். மேல் உள்ள ஒரு ஹோட்டலில் லாண்டரி பிரிவில், படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் வேலை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவேன். சம்பளம் குறைவு. பூஞ்சேரியில் வீடு எடுத்திருக்கிறேன். ஹோட்டலில் சனி, ஞாயிறு கூட்டம் அதிகம், லீவு தர மாட்டார்கள். எனக்கு வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. மறுபடியும் பொய் எழுதுகிறேன் என்று தோன்றினால் எந்த நேரத்திலும் நேரில் வந்து பார்க்கலாம். சொல்லிவிட்டு வரத் தேவையில்லை.

ஆகவே, சந்திப்புகளை முன்போல் மாதம் இரண்டாக்கி, அவற்றைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றித் தரவும், பள்ளி விட்ட பின் கருங்குழியில் வளர்ப்புப் பெற்றோர் வீட்டிலேயே பார்க்க அனுமதிக்கவும் வேண்டுகிறேன். வசுமதி அக்கா சம்மதக் கடிதம் கொடுத்திருக்கிறார்.

இன்னும் ஒன்று கேட்க ஆசை. கேட்கும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. அரையாண்டு விடுமுறையில் ஒரே ஓர் இரவு என் மகள் பூஞ்சேரி வீட்டில் தங்க அனுமதி வேண்டும். அலுவலர் யாராவது கூட இருந்தாலும் சரி. அவள் தூங்குவதை நான் பார்த்ததெல்லாம் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் பார்த்ததுதான். அன்று கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் எவ்வளவு புரண்டாலும், உளறினாலும், உதைத்தாலும் சரி. நான் தூங்க மாட்டேன்.

இதைப் படித்த பிறகு, ஜூனில் எழுதிக் கொடுத்தது பொய்யாகிப்போனதை மறைத்தவள் என்று இருக்கிற சந்திப்பையும் தாங்கள் நிறுத்தலாம். அது தெரிந்தும் எழுதியிருக்கிறேன். டிசம்பர் மாத அமர்வில் என்னை நேரில் அழைத்து விசாரித்து முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மாமல்லபுரம்
நாள்: 18.11.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஜெ. பொன்னி,
கவியாவின் தாய்

இணைப்பு:
1. ஹோட்டல் வேலைச் சான்று.
2. வீட்டு வாடகை ஒப்பந்த நகல்.
3. திருமதி வசுமதியின் சம்மதக் கடிதம்.
4. சிவப்பு ரிப்பன் ஒன்று. அன்று தூக்கத்தில் என் கையிலேயே தங்கிவிட்டது. அடுத்த சந்திப்பில் நானே கட்டிவிடலாம் என்று துவைத்துத் தேய்த்து வைத்திருந்தேன். பள்ளிக்கு இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டச் சொல்வார்கள். அவளிடம் சேர்த்துவிடவும்.